தொலைபேசியிற் குரலின் தெளிவு: கண்டிப் பிரதேசத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

தொலைபேசியின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அக்கருவிகள் யாருடைய குரலை, எத்துணைத் தெளிவுடன் சுமந்தன என்னும் வினா அதிகம் எழுப்பப்படவில்லை. கண்டி நகரையும் அதனைச் சூழ்ந்த பெருந்தோட்டங்களையும் களமாகக் கொண்டு அவ்வினாவை இங்கு நோக்குவோம்.

இலங்கையின் முதலாவது தந்தித் தொடர்பு 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே ஏற்பட்டது. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. அதே ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிலே தேயிலை பயிரிட்டார். தந்தியும் புகையிரதமும், பின்னர் தொலைபேசியும், முதன்மையாகப் பெருந்தோட்ட வணிகத்துக்கே பணிபுரிந்தன. தோட்டக் காரியாலயத்துக்கு வந்த கம்பி லயன் அறைகளை எட்டவில்லை.

கொழும்பிலிருந்து கண்டி ஏறத்தாழ 115 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. நீண்ட கம்பியிற் செல்லும் குரல் இருவகையாற் கெடும். ஒன்று, அதன் வலு குன்றுதல். மற்றது, உயர் மீடிறன்கள் மிகுதியாகக் குன்றுவதால் ஒலி திரிதல். மழையில் நனைந்த மேல்நிலைக் கம்பிகளில் மின்கசிவும் சேர்ந்துகொள்ளும். கம்பியின் தூண்டுதிறனை உயர்த்தினால் திரிபு குறையும் என 1887இல் ஒலிவர் ஹெவிசைட் காட்டினார். மைக்கல் பூப்பின் போன்றோர் நூற்றாண்டின் இறுதியில் கம்பிவழியிற் சுருள்களை இடையிடையே பொருத்தி அக்கருத்தைச் செயற்படுத்தினர். 1915இல் வால்வு விரியலாக்கிகளின் துணையுடன் நியூயோர்க்கும் சான்பிரான்சிஸ்கோவும் பேசின. ஆயினும் விரியலாக்கி குரலோடு இரைச்சலையும் பெருக்கியது.

இக்குறையை நீக்கும் வழியை 1937இல் அலெக் ரீவ்ஸ் கண்டார். குரலை எண்களாக மாற்றி அனுப்பினால், இடைவழி நிலையங்களில் இரைச்சலை நீக்கிப் புதிதாக அனுப்பலாம். 1972இல் வகுக்கப்பட்ட சர்வதேச நியமத்தின்படி குரல் செக்கனுக்கு 8000 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் எட்டு இலக்கங்களாற் குறிக்கப்பட்டது.

எனினும், கடத்தப்பட்ட குரல் 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான பகுதி மட்டுமே. ஒரே வழியிற் பல உரையாடல்களை அனுப்பும் சிக்கனமே இதற்குக் காரணம். பேச்சு விளங்கினாற் போதும் என்பதே அளவுகோலாயிற்று. உரசொலியாக ஒலிக்கும் சகரத்தின் ஆற்றலிற் பெரும்பகுதி 4000 ஹேர்ட்ஸுக்கு மேல் அமைவது. வாக்கியத்தில் இவ்விழப்பைச் சூழல் ஈடுசெய்யும். முன்பின் அறியாத ஆட்பெயரிலும் ஊர்ப்பெயரிலும் அது இயலாது.

இது வெறும் தொழினுட்பப் பிரச்சினையன்று. 1964இன் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழிவகுத்தது. கண்டிப் பிரதேசத் தோட்டக் குடும்பங்களும் அதனாற் பிளவுண்டன. பிரிந்தோரை இணைத்தது கடிதமே. 1990இல்கூட இலங்கையில் நூறு பேருக்கு ஒரு தொலைபேசி இணைப்பேனும் இருக்கவில்லை. குரலின் தெளிவு பற்றிப் பேசுமுன், குரல் எழுப்பும் வாய்ப்பே மறுக்கப்பட்டிருந்தமையை மனங்கொள்ளல் வேண்டும்.

கையடக்கத் தொலைபேசி இந்நிலையைப் பெரிதும் மாற்றியுள்ளது. 1988இல் நியமமான அகலப்பட்டைக் குறிமுறை 50 முதல் 7000 ஹேர்ட்ஸ் வரை குரலைக் கடத்த வழிகாட்டியது. அத்தகைய முறைகள் இன்று கையடக்கத் தொலைபேசிகளிலும் பயன்படுகின்றன. ஆயினும் இருமுனைக் கருவியும் இடைப்பட்ட வலையமைப்பும் அதனை ஏற்றாலன்றிப் பயன் கிட்டாது. மலைமறைவில் சமிக்ஞை நலிந்தால் புதிய முறையிலும் சொல் அறுபடும்.

எனவே, குரலின் தரத்தை அளக்கும்போது, எந்த மொழியில், யாருடைய பேச்சில், எந்த இடத்தில் அளந்தோம் என வினவுதல் அவசியமாகும். மலையகப் பேச்சுத்தமிழின் சொற்களையும் பெயர்களையும் கொண்டு, தோட்டங்களிலேயே அவ்வாறு அளந்து பார்த்தல் மொழியியலாளரும் பொறியியலாளரும் கூடிச் செய்யத்தக்க பணியாகும். சொல் விளங்கினாற் போதுமென்பது வணிகத்தின் அளவுகோல். பேசுபவர் இன்னார் என உணரத்தக்க முழுக்குரலே மக்களின் அளவுகோலாதல் வேண்டும்.