பக்கத்துக்குள் ஒளிந்திருக்கும் நிரல்



சில ஆண்டுகளுக்கு முன்பு, மாணவர்களின் மதிப்பெண்களைக் காட்டும் வலைப்பக்கம் ஒன்றை வேறொரு வழங்கிக்கு மாற்றினேன். மறுநாள் ஒரு தாயார் தொலைபேசியில் அழைத்தார். "மதிப்பெண் வரவில்லை ஐயா. ஒரு கோப்புதான் இறங்கியது, திறந்தால் ஏதோ குறிகள் தெரிகின்றன," என்றார். அக்குறிகள் நான் எழுதிய நிரல். தரவுத்தளத்தின் கடவுச்சொல்லும் அதனுள் இருந்தது! உடனே பக்கத்தை நீக்கினேன், கடவுச்சொல்லையும் மாற்றினேன்.

இப்பிழையின் வேரை அறியச் சற்று வரலாறு தேவை.

தொடக்கத்தில் வழங்கி, சேமித்து வைத்த பக்கத்தை அப்படியே எடுத்துக் கொடுத்தது. 1993-இல் அமெரிக்காவின் என்.சி.எஸ்.ஏ. நடுவத்தில் சி.ஜி.ஐ. முறை உருவானது. வழங்கி தனி நிரல் ஒன்றை இயக்கி, அந்நிரல் ஆக்கித் தரும் பக்கத்தை அனுப்பியது. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் நிரல் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. பக்கத்தில் ஒரு சொல்லைத் திருத்தவும் பெரும்பாலும் நிரலையே திருத்த நேர்ந்தது.

கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டோர்ஃப், தம் தன்விவரப் பக்கத்தைப் பார்ப்போரைக் கணக்கிட 1994-இல் சில நிரல்களை எழுதினார். அவற்றை 1995 ஜூனில் பொதுவில் வெளியிட்டார். அவ்வாண்டு செப்டம்பரில், எச்.டி.எம்.எல். பக்கத்துக்குள்ளேயே கட்டளைகளைப் பதிக்கும் வசதி சேர்ந்தது. அதுவே பி.எச்.பி. மொழியின் தொடக்கம். 1996-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஏ.எஸ்.பி. முறையைக் கொணர்ந்தது. சீவ் சுராஸ்கி, ஆண்டி குட்மன்ஸ் ஆகிய இருவரும் புதுக்கி எழுதிய பி.எச்.பி. 3, 1998-இல் வெளிவந்தது. ஆசிரியர்கள் பலர் அறிந்த மூடுல் கற்றல் தளமும் இம்மொழியில் எழுதப்பட்டதே.

இதன் இயக்கம் எளிது. பக்கத்தில் தொடக்கக் குறிக்கும் முடிவுக் குறிக்கும் இடையே உள்ளதை வழங்கி நிரலாகக் கருதி இயக்கும். வெளியே உள்ளதை மாற்றாமல் அனுப்பும். படிப்பவரின் உலாவிக்கு விடை மட்டுமே சேரும், நிரல் சேராது.

ஆனால், எந்தக் கோப்பை இவ்வாறு இயக்க வேண்டும் என்று வழங்கிக்கு முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். பொதுவாகக் கோப்புப் பெயரின் ஈற்றைக் கொண்டே அது அடையாளம் காணும். நான் மாறிச் சென்ற வழங்கியில் அந்த ஏற்பாடு இல்லை. அதனால் அது பழைய வழக்கப்படி, கோப்பை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டது.

அன்று முதல் கடவுச்சொல்லைப் பொதுக் கோப்புறைக்கு வெளியே, தனிக் கோப்பில் வைக்கிறேன். பள்ளிக்கு வலைப்பக்கம் அமைப்போரிடம் நீங்களும் இதைக் கேட்டறியுங்கள். அங்கிருப்பது நம் பிள்ளைகளின் விவரங்கள் அல்லவா?