ஸ்டோருக்கு ஓடிய தண்ணீர்: மலையகத் தோட்டங்களின் சிற்றளவு நீர்மின் வரலாறும் மாணவர் வடிவமைப்புப் போட்டிகளும்

பல்கலைக்கழக மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, சூழலைக் கெடுக்காமல் நீண்டகாலம் பயன்தரும் தீர்வொன்றை வடிவமைத்துப் போட்டியிடும் வழக்கம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து உலகெங்கும் பரவியிருக்கிறது. சூரிய சக்தியில் இயங்கும் வீடுகளை மாணவர்களே கட்டிக்காட்டும் சோலார் டெகத்லான் 2002இல் வாஷிங்டனில் நடந்தது. மக்கள், வளம், பூமி ஆகிய மூன்றையும் அளவுகோலாகக் கொண்ட பீ-3 போட்டியை 2004இல் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் ஆரம்பித்தது. இலங்கையிலும் மொறட்டுவை போன்ற பல்கலைக்கழகங்களில் மாணவரின் சமூகத் தொழில்முயற்சிகளுக்கு வழங்கப்படும் ஹல்ட் பரிசுக்கான வளாகச் சுற்றுகள் நடந்துவருகின்றன.

இத்தகைய போட்டிகளுக்கு மலையகத் தேயிலைத் தோட்டம் வெகு வசதியான களம். மலைச்சரிவு, மழை, ஓடை, ஆலை, விறகுத் தேவை, ஏழ்மை எல்லாமே இரண்டு மூன்று கிலோமீற்றருக்குள் கிடைக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பொறியியல் எட்டிப்பார்க்காத இடமாகத் தோன்றலாம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. தேயிலை வந்த நாள் முதல் இங்கே தீர்வுகள் வடிவமைக்கப்பட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. ஆனால் தீர்க்கவேண்டிய பிரச்சினை எது என்பதை ஒவ்வொரு முறையும் தோட்டத்து ஆலையான ஸ்டோரோ அரசோ வெளியூர் நிறுவனமோதான் முடிவுசெய்தது. லயத்தில், அதாவது தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பில், இருந்தவர்களை எவரும் கேட்கவில்லை. தோட்டங்களின் நீர்மின் வரலாற்றைக் கொண்டு இதனை நிறுவுவதும், மாணவர் போட்டிகள் அதிலிருந்து எதைக் கற்கவேண்டும் என்று சொல்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

ஓடையும் ஸ்டோரும்

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்களை அழிக்க, டிம்புள்ள, டிக்கோயா, மஸ்கெலியா மலைகளெல்லாம் தேயிலைக்கு மாறின. கோப்பியைக் காயவைத்து மூட்டை கட்டிக் கொழும்புக்கு அனுப்பிவிடலாம். தேயிலைக் கொழுந்து அப்படிக் காத்திருக்காது. பறித்த நாளிலேயே வாட்டத் தொடங்கி, அரைத்து, புளிக்கவைத்து, சூடேற்றி உலர்த்தியாகவேண்டும். ஒரு கிலோ தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து தேவை. ஆகவே ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஓர் ஆலையும், அந்த ஆலையைச் சுழற்ற ஒரு விசையும் வேண்டியிருந்தன.

அந்த விசையைத் தந்தது ஓடை. முதலில் நீர்ச்சக்கரங்கள் வந்தன, பிறகு இரும்புச் சுழலிகள். மேட்டில் சிறு அணை கட்டி, வாய்க்காலில் நீரைக் கொண்டுவந்து, குழாய் வழியே கீழே இறக்கி, ஸ்டோரின் பக்கத்தில் சுழலியை ஓட்டினார்கள். அதிலிருந்து புறப்பட்ட நீண்ட தண்டொன்று ஆலையின் நீளத்துக்கும் ஓடும். அதில் மாட்டிய வார்ப்பட்டைகள் அரைக்கும் இயந்திரங்களையும் விசிறிகளையும் சுழற்றும். பின்னர் அதே சுழலிகளோடு மின்பிறப்பாக்கிகளும் இணைக்கப்பட்டன. தேசிய மின்வலையமைப்பு வருவதற்கு முன் இலங்கைத் தோட்டங்களில் ஏறத்தாழ 500 சிற்றளவு நீர்மின் அமைப்புகள் இயங்கின என்பது இத்துறை ஆய்வுகளில் பொதுவாகக் காணப்படும் மதிப்பீடு. இன்றைய போட்டியொன்றில் இதை வரைந்து வைத்தால் பரிசு நிச்சயம்: புகையில்லை, எரிபொருள் இல்லை, உள்ளூர் வளம்.

இந்த மின்சாரம் ஆலைக்கும் துரை பங்களாவுக்கும் போனது. லயத்தில் பல தலைமுறைகள் மண்ணெண்ணெய் விளக்கில்தான் கழிந்தன. அதைத் தொழில்நுட்பத்தின் போதாமை என்று சொல்ல முடியாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். நொடிக்கு 20 லீற்றர் நீர் 30 மீற்றர் உயரம் இறங்கினால் அதிலுள்ள வலு 6 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. குழாய், சுழலி, பிறப்பாக்கி இழப்புகளுக்கென்று பாதியைத் தள்ளினாலும் 3 கிலோவாட் மிஞ்சும். வீட்டுக்கு 150 வாட் என்று பங்கிட்டால் 20 காம்பராக்கள் (லயத்து அறைவீடுகள்) கொண்ட லயம் முழுவதற்கும் அது காணும். இந்த அளவு நீர் ஓடாத தோட்டம் டிம்புள்ளப் பக்கத்தில் அரிது. ஸ்டோர் ஓய்ந்திருக்கும் நேரத்து மின்சாரத்தை மட்டும் திருப்பிவிட்டிருந்தாலே போதும். அப்படிச் செய்யவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை என்பதைவிட, தோன்றவேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை என்பதே சரி.

மலைக்கு மேலே போன கம்பி

பொறியியலாளர் டீ. ஜே. விமலசுரேந்திர 1912 அளவில் நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளக்பூலில் ஒரு சிறிய நீர்மின் நிலையம் அமைத்து நுவரெலியா நகருக்கு வெளிச்சம் கொடுத்தார். 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் அவர் வாசித்த கட்டுரை நாட்டின் மின்சார வரலாற்றின் அடிக்கல். மஸ்கெலி ஓயாவையும் கெஹெல்கமு ஓயாவையும் கொண்டு நாடு முழுவதற்கும் மின்சாரம் கொடுக்கலாம் என்ற அவரது கனவு காலனித்துவ அதிகாரிகளின் அசட்டையால் முப்பது ஆண்டுக்கு மேல் தள்ளிப்போய், 1950இல்தான் லக்சபானவில் நனவானது. 1960களில் காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்கள் எழுந்தன. மவுஸ்ஸாக்கலைக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே நீரில் மூழ்கியது. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோவில் வெளியே தெரியும், ஊர்ச்சனம் போய்க் கும்பிட்டுவிட்டு வரும்.

லக்சபானவின் மின்சாரம் தோட்டங்களின் தலைக்கு மேலாகக் கொழும்புக்குப் போனது. விமலசுரேந்திரவைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. அவர் கணக்கிட்டது ஒரு நாட்டுக்கு. ஆனால் லக்சபான திறக்கப்படுவதற்கு இரண்டாண்டு முன்புதான், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப்பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. நாட்டின் கணக்கில் சேராதவர்கள் நாட்டின் மின்சாரத் திட்டத்தில் எப்படி வருவார்கள்? 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டபோது, யார் தங்குவார், யார் கப்பலேறுவார் என்று தெரியாத லயத்துக்குக் கம்பி இழுக்க எந்த நிர்வாகமும் முன்வரவில்லை.

கைவிடலும் மீட்பும்

தேசிய வலையமைப்பின் மின்சாரம் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் தோட்டங்கள் தமது சுழலிகளைக் கைவிட்டன. வாய்க்கால் தூர்ந்தது, குழாய் துருப்பிடித்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையானபோது, பழைய இயந்திரங்களைப் பராமரிக்கத் தெரிந்தவர்களும் பலர் போய்விட்டார்கள்.

எண்ணெய் விலையேற்றத்துக்குப் பிறகு, இன்று பிராக்டிகல் அக்ஷன் என்று அறியப்படும் ஐ.டி.டி.ஜீ. நிறுவனம், கைவிடப்பட்ட தோட்டச் சுழலிகளைச் செப்பனிடும் வேலையில் இறங்கியது. அந்த அனுபவத்தில் உள்ளூர்ப் பட்டறைகள் சிறு சுழலி செய்யக் கற்றுக்கொண்டன. 1990களில் அது கிராமிய நீர்மின் திட்டமாக வளர்ந்தது: ஊரார் மின்நுகர்வோர் சங்கம் அமைத்து, தாமே மண்வெட்டி பிடித்து வாய்க்கால் வெட்டி, வீட்டுக்கு நூறு இருநூறு வாட் பங்கிட்டுக்கொண்டார்கள். 1997இலும் 2002இலும் உலக வங்கியின் கடன் திட்டங்கள் வந்தபின் இத்தகைய அமைப்புகள் நூற்றுக்கணக்கில் பெருகின. இந்த நாடு பெருமைப்படத்தக்க சாதனைகளில் இதுவும் ஒன்று.

ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இரத்தினபுரி, கேகாலை மாவட்டக் கிராமங்களில் அமைந்தன. தொழில்நுட்பம் தோட்டத்தில் பிறந்தது, பலன் கிராமத்துக்குப் போனது. காரணத்தைத் தேடி அலையவேண்டியதில்லை. சங்கம் அமைத்துக் கடன் வாங்க, சுழலிக்கு இடம் கொடுக்க, ஓடையை மறிக்க, காணியின் மேல் ஏதேனும் ஓர் உரிமை வேண்டும். லயத்தில் இருப்பவருக்குக் கூரையும் தோட்டத்துடையது, வாசலும் தோட்டத்துடையது. 1992இல் தோட்ட நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனபிறகும் இந்த நிலை மாறவில்லை. அதன்பின் மின்சார சபைக்கு மின்சாரம் விற்கும் தனியார் நீர்மின் நிலையங்கள் அதே ஓடைகளில் எழுந்தன. வருமானம் முதலீட்டாளருக்குப் போனது, அணைக்கும் மின்நிலையத்துக்கும் இடைப்பட்ட ஓடைப்பகுதி பல இடங்களில் வற்றியது.

இப்போது மின்கம்பி லயத்துக்கும் வந்துவிட்டது. விளக்கு என்ற கேள்வி பெருமளவு தீர்ந்தது. அடுப்பு, பீலித் தண்ணீர், மண்சரிவு ஆகிய கேள்விகள் தீரவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி ஊவாவின் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணில் புதையுண்டன. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அறிவு இருந்தது, அது மக்களை இடம் மாற்றவில்லை. 2021இல் இரசாயன உரத்துக்கு ஒரே இரவில் தடை வந்தது. அதுவும் நிலைபேறு என்ற பெயரில்தான். 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடியாகச் சரிந்தது. எரிபொருள் நெருக்கடிக்கும் அதில் பங்குண்டு. 2022 மார்ச் இறுதியில் 13 மணிநேர மின்வெட்டு நடந்தபோது, பழைய வாய்க்கால்கள் தூர்ந்துகிடந்த ஓடைகளில் தண்ணீர் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது.

போட்டி எப்படி அமையவேண்டும்

மாணவர் போட்டிகளிலும் வேறுபாடு உண்டு. பீ-3 போன்றவற்றில் தலைப்பை மாணவரே தேர்ந்தெடுப்பர். எல்லைகளற்ற பொறியியலாளர் அமைப்பின் அவுஸ்திரேலியக் கிளை முதலாமாண்டு மாணவருக்கு நடத்தும் போட்டியில் ஒரு சமூகத்தோடு கலந்து விடயத்தாள் தயாராகும். 2011இல் அது தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்துத் தேவிகுளத்தை எடுத்துக்கொண்டது. மூணாற்றுத் தேயிலைத் தேவிகுளம் வேறு. இது ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் அமைப்பு வேலைசெய்யும் கிராமம். வெளிநாட்டு மாணவர் ஆயிரக்கணக்கில் ஒரு சிற்றூருக்குக் கழிவறையும் அடுப்பும் வரைவதில் கொஞ்சம் வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது. எனினும் கேள்வியை ஊரிலிருந்து எடுப்பது என்ற அந்த ஒழுங்கு மலையகத்துக்குத் தேவையானது.

நமக்கு நெருக்கமான முன்மாதிரியும் உண்டு. 1980களில் உருவாகி, பின்னர் இலங்கைச் சந்தையெங்கும் பரவிய அனகி அடுப்பு ஒரே தீயில் இரண்டு பானை கொதிக்கும் மண் அடுப்பு. சமைக்கும் பெண்களும் செய்யும் குயவர்களும் பயன்படுத்திப் பார்த்துச் சொன்னதைக் கேட்டுத் திருத்தித் திருத்தி அதை எளிமையாக்கினார்கள். கடையில் விலைக்கு வாங்கும் பொருளாக அது நிலைத்தது. தோட்டத்துக்கு அதுவும் அப்படியே பொருந்திவிடாது. லயத்தில் எரிவது பெரும்பாலும் கவ்வாத்து மலையிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவரும் மிலாறு, அதாவது வெட்டிய தேயிலைக் குச்சி. மெல்லியது, வளைந்தது, மழைக்காலத்தில் ஈரமானது. புகைபோக்கி இல்லாத காம்பராவில் அந்தப் புகை கூரைத் தகரத்தில் படிந்து தார்போல் சொட்டும். மிலாறை உலர்த்த என்ன வழி, அதைத் தூக்கிவருவது யார், எந்த நேரத்தில் என்பதிலிருந்து தொடங்கும் மாணவர் குழுவே உண்மையான வடிவமைப்பில் இறங்கியதாகக் கொள்ளலாம்.

2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீடுகளும் அதற்கு முந்தைய 4,000 வீடுகளும் 7 பேர்ச் காணியில் தனிவீடு என்ற மாற்றத்தைக் கொண்டுவருகின்றன. தன் கூரை என்று ஒன்று வந்தால் மழைநீர்த் தொட்டியும் சூரியத் தகடும் குடும்பத்தின் தீர்மானமாகும். அதனால் காணி உறுதி கையில் உள்ளதா என்பது நடுவர் குழு கேட்கவேண்டிய முதற்கேள்வி. பேராதனைப் பொறியியற் பீடம், தலவாக்கலை செயின்ட் கூம்ஸில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவனம், பதுளையின் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் மூன்றும் இந்த மலைகளிலோ அவற்றுக்குச் சற்று அருகிலோதான் இருக்கின்றன. களம் தேடி வெகுதூரம் போகவேண்டிய நிலை எவருக்கும் இல்லை.

பரிசுப் பணத்தின் பாதியை இரண்டு பருவமழை கழிந்து, பொருள் இன்னும் வேலைசெய்கிறதா என்று பார்த்தபின் கொடுக்கவேண்டும். நடுவர்களில் கொழுந்தெடுக்கும் பெண்கள் இருக்கவேண்டும். அந்த நாளுக்குரிய பேரும், அதாவது நாட்சம்பளமும், அவர்களுக்கு விழவேண்டும். அடுத்த போட்டியை அறிவிக்கும் பீடம் விடயத்தாளை முதலில் தமிழில் எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்தில் வாசித்துக்காட்டி, அங்கே சொல்லப்படும் திருத்தங்களைச் சேர்த்தபிறகு ஆங்கிலத்தில் அச்சிடட்டும்.