வரியும் அறமும்: பார்க்கிங் வட்டார வரலாறு

லண்டனின் கிழக்கே ரோடிங் ஆற்றங்கரையில் அமைந்த பார்க்கிங், 1965இல் மாநகரோடு இணைக்கப்படும்வரை எசெக்ஸ் கவுண்டியைச் சேர்ந்த ஊர். ஒருவரின் வருமானத்திலும், இறந்தவர் விட்டுச்சென்ற சொத்திலும் அரசு பங்கு கேட்கும்போது சட்டம் மட்டும் போதுமா, நியாயமும் வேண்டுமா என்ற வழக்கு இவ்வூரையும் இதன் சுற்றுப்புறத்தையும் பல நூற்றாண்டுகளாகத் தொட்டு வந்திருக்கிறது. அந்த வழக்கு உலகெங்கும் செய்தியானது, பார்க்கிங் தொகுதியின் உறுப்பினர் மார்கரெட் ஹாட்ஜ் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவுக்குத் தலைமை வகித்த 2010–2015 காலத்தில். ஆவணங்கள் மிகுதியாகக் கிடைப்பதும் அக்காலத்துக்குத்தான்.

மடமும் தலைவரியும்

பார்க்கிங் கன்னியர் மடம் 666இல் புனித எர்க்கன்வால்டால் தொடங்கப்பட்டதாக மரபு கூறுகிறது. இங்கிலாந்தின் செல்வம் மிக்க பெண் மடங்களுள் ஒன்றான இது, சுற்றியிருந்த நிலங்களுக்கு உடைமையாளராகவும் இருந்தது. இடைக்கால நிலவுடைமை வழக்கப்படி, குடியானவர் இறந்தால் அவருடைய கால்நடைகளில் மிகச் சிறந்த ஒன்றை நிலவுடைமையாளர் எடுத்துக்கொள்வார். வீட்டில் சாவு விழுந்த வாரத்திலேயே தொழுவத்து நல்ல மாட்டை ஓட்டிச் செல்லும் இவ்வழக்கத்தைப் பிற்கால வாரிசு வரியின் மூதாதையாகச் சிலர் கருதுவர். இது வாடகையைப் போன்றதே, வரியன்று என்போரும் உண்டு.

1377இல் 14 வயதுக்கு மேற்பட்ட அனைவர்மீதும் தலைக்கு 4 பென்ஸ் விதிக்கப்பட்டது. 1379இல் தகுதிக்கேற்ற விகிதம் வந்தது: லங்காஸ்டர் கோமகனுக்கு 10 மார்க், சாதாரணக் குடிமகனுக்கு 4 பென்ஸ். 1381க்கான வரி 15 வயதுக்கு மேற்பட்டோருக்குத் தலைக்கு 12 பென்ஸ் என்றானது. ஊரில் வலியவர் எளியவருக்குக் கைகொடுக்க வேண்டும் என்ற வாசகம் அந்த ஆணையில் இருந்தது. ஆனால் வலியவரே இல்லாத ஊர் என்ன செய்யும் என்பதற்கு அதில் விடை இல்லை. 1381 மே 30 அன்று, பார்க்கிங்கிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவிலுள்ள பிரென்ட்வுட்டில், நிலுவை விசாரிக்க வந்த ஜான் பாம்ப்டனை ஃபாபிங் முதலிய ஊர்களின் மக்கள் விரட்டியடித்தனர். விவசாயிகள் கிளர்ச்சி அங்கே மூண்டது. எசெக்ஸ் கிளர்ச்சியாளர்கள் ஜூன் 14 அன்று மைல் எண்டில் அரசர் இரண்டாம் ரிச்சர்டைச் சந்தித்தனர். கவுண்டியின் பல இடங்களில் நிலவுடைமை ஏடுகள் தீக்கிரையாயின.

மடம் 1539 நவம்பரில் அரசரிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று முழுமையாக நிற்பது வாயில் கோபுரம் மட்டுமே.

குவேக்கர்கள்

1672இல் குவேக்கர் சமயத்தார் பார்க்கிங்கில் ஓர் இடுகாட்டுக்கு நிலம் வாங்கினர். சிறைச் சீர்திருத்தவாதியான எலிசபெத் ஃபிரை 1845இல் அடக்கம் செய்யப்பட்டது இங்கேதான். வரி வரலாற்றில் இச்சமயத்தாருக்குத் தனி இடம் உண்டு. அரசின் பொதுவான வரிகளை அவர்கள் ஒழுங்காகச் செலுத்தினர். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குத் தரும் தசமபாகத்தையும், ஊர்க்காவல் படைக்கான தண்டலையும் மட்டும் மனச்சாட்சியின் பெயரால் மறுத்தனர். எதற்காகக் கேட்கப்படுகிறது என்று பார்த்து, ஒவ்வொரு வரியையும் தனித்தனியே எடைபோட்ட குடிமக்கள் அவர்கள்.

மறுத்தால் ஜப்தி. கதிர்க்கட்டு, பசு, வெள்ளீயத் தட்டு என்று கையில் அகப்பட்டதை அதிகாரிகள் எடுத்துச் சென்றனர். எடுத்த பொருளின் மதிப்பு கேட்ட தொகையைத் தாண்டியதும் உண்டு. குவேக்கர்கள் எதிர்த்து அடிக்கவில்லை, எழுதி வைத்தனர். யார் வீட்டில், என்ன பொருள், என்ன விலை, யார் எடுத்தது என்று ஊர் ஊராகத் தொகுத்து லண்டனுக்கு அனுப்பினர். ‘துன்பங்களின் பேரேடுகள்’ என்று சொல்லத்தக்க அத்தொகுதிகள் இன்றும் லண்டன் குவேக்கர் நூலகத்தில் உள்ளன. வரி கொடுத்தவர்களின் கணக்கை அரசுகள் எல்லாக் காலத்திலும் வைத்திருந்தன; வரி மறுத்தவர்களின் கணக்கு இவ்வளவு பொறுமையாக எழுதப்பட்டது அரிது. 1836 சட்டம் தசமபாகத்தைப் பணமாகச் செலுத்தும் கட்டணமாக மாற்றியது.

வருமான வரி, வாரிசு வரி

பிரான்சுடனான போர்ச் செலவுக்காக 1799இல் வில்லியம் பிட் கொண்டுவந்த வருமான வரி, 200 பவுனுக்கு மேற்பட்ட வருமானத்துக்குப் பத்து சதவீதம். 1816இல் ஒழிந்து, 1842இல் ராபர்ட் பீலால் மீண்டது. ஜான் ஸ்டுவர்ட் மில் உழைப்பின் வருமானத்துக்கு ஏறுமுக விகிதத்தை ஏற்கவில்லை. ஆனால் உழைக்காமல் ஒருவர் பெறும் வாரிசுச் சொத்துக்கு வரம்பு வேண்டும் என்றார். 1894இல் வில்லியம் ஹார்கோர்ட் இறந்தவரின் முழுச் சொத்தின்மீதும் 1 முதல் 8 சதவீதம்வரை ஏறும் வரியை விதித்தார். 1909 ஜூலையில் லாயிட் ஜார்ஜ் பார்க்கிங்குக்கு மேற்கே லைம்ஹவுஸில் ஆற்றிய உரை, நிலச் செல்வர்மீதான வரியை நேர்மையின் கேள்வியாகவே முன்வைத்தது. 1921இல் பாப்லர் நகராட்சி உறுப்பினர்கள் 30 பேர், ஏழை வட்டாரங்கள் பணக்கார வட்டாரங்களைவிட மிகுந்த சுமையைத் தாங்கக் கூடாது என்று கூறிச் சிறை சென்றனர்.

1944இல் நடைமுறைக்கு வந்த, சம்பளத்திலேயே வரியைப் பிடித்துக்கொள்ளும் முறை தொழிலாளரையும் வரி செலுத்துவோராக்கியது. பார்க்கிங், டேகன்ஹாம் ஆலைத் தொழிலாளிக்கு வரி என்பது கையில் வாங்குமுன்பே போய்விடும் தொகை. அதைத் தள்ளிப்போடவோ வேறு நாட்டுக்கு நகர்த்தவோ அவருக்கு வழியில்லை. பெருநிறுவனங்களின் வரித் தவிர்ப்பின்மீது பிற்காலத்தில் எழுந்த சீற்றத்துக்கு வேர் இங்கே இருக்கிறது என்று கொள்ளலாம்.

நீதிமன்றங்கள் இதன் மறுபக்கத்தை வகுத்தன. 1929இல் ஸ்காட்லாந்தின் கிளைடு பிரபு, வரித்துறை அதிகமாக அள்ளிச் செல்லும்படி தன் விவகாரங்களை அமைத்துக்கொள்ளும் கடமை சட்டப்படியும் அறப்படியும் எவருக்கும் இல்லை என்ற பொருளில் தீர்ப்பெழுதினார். 1935இல் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் வழக்கும் அவ்வழியே சென்றது. 1981இல் ராம்சே வழக்கில் பிரபுக்கள் அவை, வரியைத் தவிர்ப்பதற்காக மட்டுமே புனையப்பட்ட படிநிலைகளை ஒரே முழுமையாகப் பார்க்கலாம் என்று சற்றே திரும்பியது.

ஹாட்ஜும் பொதுக் கணக்குக் குழுவும், 2010–2015

1944இல் கெய்ரோவில் பிறந்த மார்கரெட் ஹாட்ஜ், 1994 இடைத்தேர்தலில் பார்க்கிங் தொகுதிக்குத் தேர்வானார். 2010இல் பிரிட்டிஷ் தேசியக் கட்சித் தலைவர் நிக் கிரிஃபினும் போட்டியிட்ட தேர்தலில் 16,000க்கு மேற்பட்ட வாக்குப் பெரும்பான்மையில் வென்றார். அவ்வாண்டே பொதுக் கணக்குக் குழுவின் தலைவரானார். அரசு செலவிட்ட பணத்தைத் தணிக்கை செய்வதே அக்குழுவின் வழக்கமான வேலை. வராத பணத்தைப் பற்றியும் கேட்கலாம் என்று அவர் முடிவு செய்தது எதிர்பாராத விளைவுகளைத் தந்தது.

முதல் மோதல் வரித்துறையுடன். கோல்ட்மன் சாக்ஸ் வங்கி தரவேண்டிய வட்டி 2 கோடி பவுன்வரை விட்டுக்கொடுக்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 2011 நவம்பரில் துறையின் தலைமைச் சட்ட ஆலோசகர் அந்தோணி இங்லீஸ் தெளிவான விடை தரவில்லை எனக் குழு கருதியது. விவிலியம் கொண்டுவரப்பட்டு, அவர் சத்தியப் பிரமாணம் செய்த பிறகே விசாரணை தொடர்ந்தது. அதிகாரிகளிடம் இப்படிக் கேட்பது நாடாளுமன்ற வழக்கத்தில் அபூர்வம். இது தேவையா என்று மூத்த அதிகாரிகள் முகம் சுளித்தனர். 2013இல் உயர் நீதிமன்றம் அந்த உடன்பாடு சட்டவிரோதமல்ல என்று தீர்த்தது. ஆனால் துறையின் வரலாற்றில் பெருமைக்குரிய அத்தியாயமும் அல்ல என்ற கருத்தையும் சேர்த்தே சொன்னது.

2012இல் அறச்சொற்கள் ஆளுங்கட்சியிடமிருந்தே வந்தன. மார்ச் மாத வரவுசெலவு உரையில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் தீவிர வரித் தவிர்ப்பை அறத்தின் பெயரால் கண்டித்தார். ஜூனில் பிரதமர் டேவிட் கேமரன் ஒரு நகைச்சுவைக் கலைஞரின் வரி ஏற்பாட்டை ஒழுக்கக்கேடு என்றார். அக்டோபரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், ஸ்டார்பக்ஸ் 1998 முதல் பிரிட்டனில் 300 கோடி பவுனுக்கு மேல் விற்று, நிறுவன வரியாகச் செலுத்தியது 86 லட்சம் பவுன்தான் என்று வெளியிட்டது.

நவம்பர் 12 அன்று ஸ்டார்பக்ஸ், அமேசான், கூகுள் மூன்றின் பிரதிநிதிகளும் குழு முன் அமர்ந்தனர். ஸ்டார்பக்ஸின் நிதி அதிகாரி டிராய் ஆல்ஸ்டெட், ஓராண்டைத் தவிரப் பிரிட்டனில் தாங்கள் நட்டத்திலேயே நடந்ததாகச் சொன்னார். அப்படியானால் ஏன் கடையை மூடவில்லை என்ற கேள்வி எழுந்தது. விவரம் ஒவ்வொன்றாக வெளிவந்தது: வணிகப் பெயருக்கும் முறைக்கும் விற்பனையில் 6 சதவீதம் ராயல்டியாக நெதர்லாந்துக்குப் போனது, அதில் 4.7 சதவீதத்தையே பிரிட்டிஷ் வரித்துறை செலவாக ஏற்றது. காப்பிக் கொட்டையைச் சுவிட்சர்லாந்திலிருந்த துணை நிறுவனம் வாங்கி 20 சதவீதம் ஏற்றி விற்றது. லண்டன் தெருமுனையில் ஒருவர் வாங்கும் ஒரு கோப்பைக் காப்பியின் லாபம் மூன்று நாடுகளில் எப்படிக் கரைகிறது என்பது, வரிச் சட்டம் படிக்காத எவருக்கும் விளங்கும்படி அன்று வெளிப்பட்டது. இவ்விசாரணையின் நிலையான பயன் அதுவே எனலாம்.

அமேசானின் ஆண்ட்ரூ செசில், நாடுவாரி விற்பனைக் கணக்கு தம்மிடம் இல்லை என்றார். குழு அவரைக் கடுமையாகக் கண்டித்தது. அந்நிறுவனத்தின் 2011 பிரிட்டன் விற்பனை 335 கோடி பவுன் அளவிலும், வரிச் செலவு 18 லட்சம் அளவிலும் இருந்தன. கூகுளின் மாட் பிரிட்டின், தாங்கள் சட்டப்படியே நடப்பதாக விளக்கியபோது ஹாட்ஜ் கூறிய மறுமொழியே இக்காலத்தின் அடையாளமாயிற்று: உங்கள்மீது சட்டமீறலைச் சாற்றவில்லை, அறமீறலைத்தான் சாற்றுகிறோம் என்பது அதன் சாரம். கிளைடு பிரபுவின் கூற்றுக்கு 83 ஆண்டுகளுக்குப் பின் ஒரு நாடாளுமன்றக் குழுவின் நாற்காலியிலிருந்து வந்த நேர் எதிர்வாதமாக அது அமைந்தது.

டிசம்பர் 6 அன்று ஸ்டார்பக்ஸ், அடுத்த இரண்டு ஆண்டுகளில் லாபம் வந்தாலும் வராவிட்டாலும் 2 கோடி பவுன் செலுத்துவதாக அறிவித்தது. இதைப் பொதுமக்களின் வெற்றி என்று பலர் கொண்டாடினர். வரியை நிறுவனமே தீர்மானித்துக் கொடுத்தால் அது நன்கொடையாகிவிடுகிறது, சட்டத்தின் ஆட்சி எங்கே போயிற்று என்று வரி வல்லுநர்கள் கேட்டனர். இரு தரப்பும் சொன்னதில் உண்மை உண்டு.

ஹாட்ஜ்மீதும் கேள்வி திரும்பியது. அவருடைய தந்தை 1951இல் நிறுவிய எஃகு வணிக நிறுவனமான ஸ்டெம்கோரில் அவருக்குப் பங்கு இருந்தது. விற்பனையோடு ஒப்பிட அதன் பிரிட்டன் வரி குறைவு என்று நாளிதழ்கள் எழுதின. நிர்வாகத்தில் தமக்கு இடமில்லை என்பதும் நிறுவனம் உரிய வரியைச் செலுத்துகிறது என்பதும் அவர் விடை. இது அவர் வாதத்தைப் பலவீனப்படுத்துகிறதா என்பதில் எழுதியோர் உடன்படவில்லை.

2013 மே மாதம் பிரிட்டின் மீண்டும் அழைக்கப்பட்டார். அவ்வாண்டு வரிமுறைகேட்டுக்கு எதிரான பொது விதி சட்டமானது. 2015 ஏப்ரலில், ‘கூகுள் வரி’ என்று மக்கள் அழைத்த, திருப்பிவிடப்பட்ட லாபத்தின் மீதான 25 சதவீத வரி அமலானது. ஹாட்ஜ் 2015இல் குழுத் தலைமையிலிருந்து விலகினார்.

பின்னர்

2016 ஜனவரியில் கூகுள் பத்தாண்டுகளுக்கான நிலுவையாக 13 கோடி பவுன் செலுத்த இசைந்தது. ஸ்டார்பக்ஸின் நெதர்லாந்து உடன்பாடு சட்டவிரோத அரசு உதவி என 2015இல் ஐரோப்பிய ஆணையம் முடிவு செய்தது; 2019இல் ஐரோப்பிய நீதிமன்றம் அம்முடிவை நீக்கியது. கடல்கடந்த ஆட்சிப்பகுதிகளில் நிறுவனங்களின் உண்மை உரிமையாளர் பட்டியலை வெளியிடச் செய்யும் 2018 சட்டத்திருத்தத்தில் ஹாட்ஜும் ஆண்ட்ரூ மிட்செலும் இணைந்து நின்றனர். 2020இல் 2 சதவீத டிஜிட்டல் சேவை வரி வந்தது. ஹாட்ஜ் 2024இல் மக்களவையிலிருந்து ஓய்வு பெற்றுப் பிரபுக்கள் அவை உறுப்பினரானார்.

இந்தியத் தொடர்பு

இந்தியாவில் இறந்தோர் சொத்து வரி 1953இல் சட்டமானது. கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டர் 1956இல் தந்த அறிக்கையை ஒட்டி, நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1957இல் செல்வ வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தார். இறந்தோர் சொத்து வரி ஈட்டியது ஆண்டுக்குச் சுமார் 20 கோடி ரூபாய் மட்டுமே. தண்டும் சிரமத்துக்கு அது ஈடாகவில்லை என்று 1985இல் வி. பி. சிங் அதை நீக்கினார். செல்வ வரி 2015இல் மறைந்தது. ஆயினும் இறந்தோர் சொத்து வரியை ஒட்டி 1956இல் பிரிட்டனும் இந்தியாவும் செய்த இரட்டை வரித் தவிர்ப்பு உடன்பாடு இன்றும் நடப்பில் உள்ளது. இந்தியாவைத் தாயகமாகக் கொண்டு இறப்பவரின் பிரிட்டனுக்கு வெளியிலுள்ள சொத்துக்கு அது இன்றும் பாதுகாப்புத் தரக்கூடியது. ஒரு நாட்டில் வரியே இல்லாதபோது அதன் ஒப்பந்தம் மட்டும் உயிரோடிருப்பதை, ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்டு, பார்க்கிங் பகுதி இந்தியத் தமிழர் குடும்பங்கள் உயில் எழுதும்போது அறிந்திருப்பது நல்லது.

பிரிட்டனில் இப்போது வாரிசு வரி 40 சதவீதம். 3,25,000 பவுன்வரை விலக்கு. இவ்வரம்பு 2009 முதல் உயர்த்தப்படவில்லை. ஓய்வூதிய நிதியின் எஞ்சிய தொகையை 2027 ஏப்ரல் முதல் இவ்வரிக்குள் கொண்டுவரும் திட்டம் 2024 அக்டோபர் வரவுசெலவில் அறிவிக்கப்பட்டது.