தலையில்லாத ராணி

பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்து ராணிகளைப் பற்றிய நாவல்களின் அட்டையைக் கவனித்திருக்கிறீர்களா? பட்டு கவுன், முத்துமாலை, இறுக்கிக் கட்டிய இடுப்பு. எல்லாம் இருக்கும். தலை மட்டும் இருக்காது.

2001-ல் ஃபிலிப்பா கிரிகோரியின் ‘தி அதர் போலின் கேர்ள்’ வந்து சக்கைப்போடு போட்ட பிறகு இந்த வைத்தியம் ரொம்பவே பரவிவிட்டது. கவுனை வாடகைக்கு வாங்கி மாடலுக்கு மாட்டிவிடலாம். முகத்தை என்ன செய்வது? திருத்திய புருவமும் கேமராவுக்குப் பழகிய கண்ணும் காட்டிக்கொடுத்துவிடும். வாசகி மனசில் வைத்திருக்கிற முகத்தோடு சண்டைக்கும் வரும். எனவே, ஒரே வெட்டு. பின்னணிக் கோட்டையைக் கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொள்ளலாம். ஒரே போட்டோவைப் பல பதிப்பகங்களுக்கு விற்க முடியும் என்பதால், ஒரே கவுன் இரண்டு மூன்று நாவல்களில் தலைகாட்டுவதுண்டு. மன்னிக்கவும், தலை தவிர மற்றதைக் காட்டுவதுண்டு.

எட்டாம் ஹென்றியின் இரண்டாவது மனைவி ஆன் போலின் விஷயத்தில் இது கொஞ்சம் குரூரம்தான். 1536 மே 19 அன்று, லண்டன் டவரில், கடல் தாண்டி வரவழைத்த வாள்காரன் ஒரே வீச்சில் அவர் தலையை எடுத்தான்.

சரி, முகம் வேண்டுமென்றே ஒருவர் தேடினால்? ‘பி’ எழுத்து தொங்கும் முத்துமாலையோடு எல்லாரும் காப்பியடிக்கிற அந்த ஓவியம், லண்டன் தேசிய உருவப்பட கேலரியில் இருப்பது, அவர் இறந்து பல வருஷம் கழித்து வரைந்தது. உயிரோடிருந்தபோது செய்ததென்று வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்வது ஒன்றைத்தான். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும், 1534 என்று பொறித்த சின்ன ஈயப் பதக்கம்.

அதில் தலை இருக்கிறது. மூக்குதான் நசுங்கிப்போய்விட்டது.