கிடங்கில்: அகழியா, குடோனா?

திண்டிவனம் நகராட்சியில் கிடங்கல்-1, கிடங்கல்-2 என்று இரண்டு பகுதிகள் உண்டு. எண் போட்டுப் பிரித்துவிட்டதால், ஊர் பெருத்தபோது வந்து ஒட்டிக்கொண்ட புது நகர்களில் இவையும் சேர்ந்தவை என்றே வெளியூர்க்காரர் எண்ணுவார். நடந்தது நேர்மாறானது. சிறுபாணாற்றுப்படை தன் பாட்டுடைத் தலைவனான ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைக் கிடங்கிலின் கோமான் என்றே சுட்டுகிறது. பாணன் வழியில் கடக்கும் எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடும் வேலூரை உப்புவேலூரோடும் ஆய்வாளர் பொருத்துவர். இந்த ஊர்களை ஆண்டவனின் தலைநகராகக் கருதப்படுவது கிடங்கில். காவிதிக் கீரங்கண்ணனார், காவிதிப் பெருங்கொற்றனார், குலபதி நக்கண்ணனார் என்று சங்கப் புலவர் மூவர் தம் பெயருக்கு முன் இவ்வூரைச் சூடியிருக்கிறார்கள். திண்டிவனம் என்ற பெயருக்கோ புளிய மரத்தைக் குறிக்கும் 'திந்திரிணி'யை மூலமாகச் சொல்வார்கள். ஊர்க் கோயிலின் இறைவனும் திந்திரிணீசுவரர். ஆக, ஒரு புளியந்தோப்பின் பெயர் தலைநகரின் பெயரை விழுங்கி அதைத் தன் வார்டு ஆக்கிக்கொண்டது. விழுங்கப்பட்ட பெயருக்குப் பொருள் என்ன என்பதே இங்கே கேள்வி.

இன்றைய காதுக்கு விடை எளிது. கிடங்கு என்றால் சரக்கு வைக்கும் இடம், எனவே அரசனின் நெற்களஞ்சியம் இருந்த ஊர் கிடங்கில் என்று முடித்துவிடலாம். இந்த விளக்கத்தை எடுத்த எடுப்பில் தள்ளவும் முடியாது. காவிதி என்பது அமைச்சர்க்கும் உயர் அலுவலர்க்கும் அரசர் அளித்த பட்டம். அந்தப் பட்டம் பெற்ற இருவர் ஒரே ஊரினர் என்றால் அங்கே ஆட்சி அலுவல் நடந்திருக்கிறது. அலுவல் நடந்த இடத்தில் இறைப்பொருளும் குவிந்திருக்கும். ஆனால் களஞ்சியம் இருந்தது என்பது வேறு, அதைக் கிடங்கு என்று அழைத்தார்கள் என்பது வேறு. பெரும்பாணாற்றுப்படை நெல் சேர்த்து வைத்த இடத்தைக் 'கூடு' என்கிறது. பட்டினப்பாலை புகாரில் புலி முத்திரையிட்டுக் குவித்த பண்டங்களை விரித்துப் பாடுகிறது. அங்கேயும் கிடங்கு என்ற சொல் இல்லை. அந்தச் சொல் வருமிடம் மதுரைக்காஞ்சியில், மதுரையின் மதிலைச் சூழ்ந்த ஆழமான அகழியைப் பாடும்போது. நிகண்டுகளும் கிடங்கை அகழியின் பெயர்களோடு சேர்த்துத்தான் வைக்கின்றன. சங்க காலத்தான் காதில் கிடங்கு என்றால் முதலில் விழுந்திருக்கக்கூடியது நெல் மூட்டை அல்ல, நீர்.

மலையாளம் இதற்கு இன்னும் வலுவான சாட்சி. அங்கே 'கிடங்ங்' என்றால் இன்றைக்கும் பள்ளம், அகழி. காட்டோர ஊர்களில் யானை புகாமல் இருக்க வெட்டும் குழியை ஆனக்கிடங்ங் என்கிறார்கள். கோட்டயம் மாவட்டத்தில் கிடங்ஙூர் என்று ஓர் ஊரே உண்டு. தெலுங்கு மறுபக்கம் நிற்கிறது: அதன் 'கிட்டங்கி'க்குப் பண்டகசாலை என்பதே பொருள். தமிழில் இரண்டும் உண்டு. பள்ளம் என்ற பொருளைத் தமிழும் மலையாளமும் பங்கிட்டுக்கொள்வதால் அது இரண்டும் பிரிவதற்கு முன்பே இருந்த பொது உடைமை என்று கொள்வதே முறை. சரக்கறைப் பொருளோ தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கிய கிழக்குக் கரைத் துறைமுகங்களோடு ஒட்டி நிற்கிறது. அகழி மூத்தது, குடோன் இளையது என்பது என் துணிபு.

பெயரின் கடைசி அசையையும் பார்க்க வேண்டும். கிடங்கில் என்பது கிடங்கு + இல். அன்பில், பொருந்தில் போல 'இல்' இடத்தைக் குறிக்கும் ஈறாக நிற்கிறது. அது பேச்சில் தேய்ந்து கிடங்கால் என்றும் கிடங்கல் என்றும் ஆயிற்று. அரிசிலாறு அரசலாறு ஆனதும் இதே தேய்மானம்தான். எனவே கிடங்கு + கல் என்று பிரித்துக் கல்லைத் தேட வேண்டிய அவசியம் இல்லை. பெயருக்கு நிலத்திலும் சான்று இருந்தது. உ.வே.சாமிநாதையரின் பத்துப்பாட்டுப் பதிப்புக் குறிப்பு, இவ்வூர் திண்டிவனத்தைச் சார்ந்தது என்று அடையாளம் காட்டுவதோடு, சிதைந்த கோட்டையையும் அகழியையும் சேர்த்தே சொல்கிறது.

இதற்கு நியாயமான ஒரு தடை எழும். கிடங்கு என்றால் வெறும் பள்ளம் என்றும் குளம் என்றும் பொருள் உண்டே. கிடங்கலில் ஏரியும் இருக்கிறதே. அகழியை விட்டு ஏரியால் பெயர் வந்தது என்று சொல்லக் கூடாதா? இந்த மாவட்டத்தின் ஊர்ப்பெயர்களைப் பார்த்தால் தடைக்கு வலு கூடும். விழுப்புரத்தை ஒட்டிய எருமனந்தாங்கலின் தாங்கல் சிறு ஏரியைக் குறிப்பது. சாலாமேட்டின் மேடு தண்ணீர் ஏறாத நிலம். காலனிகளும் நகர்களும் வருமுன் இங்கே குடியிருப்புக்குப் பெயர் வைத்தவர்கள் முதலில் கவனித்தது தண்ணீர் எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்பதை. மழைநீரை ஏரியில் தேக்கிப் பிழைத்த நாட்டில் அது இயல்பு. ஆனாலும் ஏரியையும் அகழியையும் எதிர் எதிரே நிறுத்துவது சமவெளிக் கோட்டைகளின் இயல்பை மறப்பதாகும். மலையில்லாத இடத்தில் கோட்டை கட்டுபவன் தாழ்ந்த நிலத்தையும் அதில் தேங்கும் நீரையும்தான் காவலாகக் கொள்வான். இயற்கைப் பள்ளத்தை வெட்டி ஆழமாக்கினால் அகழி. வெட்டாமல் கரை போட்டால் ஏரி. இரண்டையும் குறிக்கும் கிடங்குக்கு 'கிட' என்பதே வேர். முதலில் பள்ளத்தைச் சுட்டிய பெயர் கோட்டை எழுந்ததும் அதன் காவலைச் சுட்டியிருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் களஞ்சியத்துக்கு அங்கே இடமில்லை.

அப்படியானால் நீர் நின்ற சொல்லில் மூட்டை வந்து அடுக்கியது எப்படி? இங்கேதான் சிலர் மலாயைக் கொண்டுவருகிறார்கள். மலாயில் 'குடாங்' என்றால் சரக்கறை. அங்கிருந்தே இந்தப் பொருள் நம் கரைக்கு ஏறியது என்பது அவர்கள் கட்சி. 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, ஆங்கிலேயர் வாயில் குடோன் ஆன சொல்லை ஆராயும்போது மலாய் வடிவத்தோடு தமிழ்க் கிடங்கையும் தெலுங்கு வடிவத்தையும் அருகருகே வைத்து, சரக்கு 'கிடக்கும்' இடம் என்று வேர் காட்டியது. இந்த வேரை மலாயால் தர முடியாது, தமிழ் தருகிறது. புன்செய் நாட்டில் தானியத்தைக் குழியில் கொட்டி மூடி வைக்கும் வழக்கமும் இருந்தது; பள்ளம் சேமிப்பிடம் ஆவதற்கு அந்தக் குழியே போதும். கடல் வணிகர் அதைக் கிழக்கே கொண்டுபோயினர். பின்னாளில் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நகரத்தார் லேவாதேவி நடத்திய கூடத்துக்கும் கிட்டங்கி என்றே பெயர். அங்கே கிடந்தது பெரும்பாலும் சரக்கு அல்ல, பெட்டகமும் கணக்கேடும்தான். அந்த வடிவத்தின் இரட்டித்த டகரம் தெலுங்கின் வாடையோடு இருக்கிறது. கடல் கடந்து ஐரோப்பியர் வழியாகத் திரும்பியது குடோன். ரேஷன் குடோன் என்று சொல்பவருக்கு அது ஆங்கிலம். தமிழ்நாடு சேமிப்புக் கிடங்கு நிறுவனம் என்று பலகை எழுதியவருக்கு அது தமிழ்.

பழைய பொருள் முற்றிலும் செத்துவிடவும் இல்லை. குப்பைக் கிடங்கு என்று நாளிதழ்கள் எழுதும்போது யாரும் அங்கே எதையும் பத்திரப்படுத்தவில்லை. திரும்ப எடுப்பதற்கு வைப்பதைச் சேமிப்பு என்போம். குப்பையை அப்படி வைப்பவர் இல்லை. அந்தத் தொடரில் நிற்பது பள்ளம், வேண்டாதது போய்க் கிடக்குமிடம்.

திண்டிவனமோ சரக்குக்குப் பெயர்போன ஊர். சென்னை-திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து புதுச்சேரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் வழி பிரியும் இடம். எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர். டி.எம்.வி. என்ற முன்னெழுத்தோடு பிற மாநிலங்களிலும் விளைந்த வேர்க்கடலை ரகங்கள் இவ்வூரின் பெயரைத்தான் சுமந்து போயின. இத்தனை மூட்டை ஏறி இறங்கும் ஊரில் கிடங்கல் என்ற பெயரைக் கேட்டு குடோனை நினைப்பவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வேர்க்கடலை மூட்டை இங்கே வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அந்தப் பெயர் வந்துவிட்டது. வேர்க்கடலையே அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் காலத்துக் கடல் வணிகத்தில் வந்த பயிர்.