ஸ்காட்லாந்துக்கு வாக்கெடுப்பு, கேட்டலோனியாவுக்கு போலீஸ் தடியடி: ஏன் இந்த வித்தியாசம்?

2017 அக்டோபர் 1. கேட்டலோனியாவில் தனிநாடு கேட்டு ஓட்டுப் போட வந்தவர்களை ஸ்பெயின் போலீஸ் இழுத்துத் தள்ளிய வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்கு மூன்று வருடம் முன்பு, ஸ்காட்லாந்து மக்கள் இதே மாதிரி ஒரு கேள்விக்கு அமைதியாக ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அப்படி என்னதான் வித்தியாசம்?

வாக்கெடுப்பு நடத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைப் பாருங்கள், பாதி புரிந்துவிடும்.

2012-ல் பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரூனும் ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்டும் எடின்பரோவில் ஒப்பந்தம் போட்டார்கள். லண்டன் தன் அதிகாரத்தைத் தற்காலிகமாகக் கொடுத்தது. 2014 செப்டம்பரில் 84.6 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டதில், 55 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள்.

ஸ்பெயினில் அதற்கு வழியே இல்லை. நாட்டின் ஒற்றுமை பிரிக்க முடியாதது என்கிறது 1978 அரசியலமைப்புச் சட்டம். கேட்டலோனியாவின் கோபத்துக்குக் காரணம் மொழி மட்டும் கிடையாது, காசும்தான். ஸ்பெயின் பொருளாதாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. பாஸ்க் பகுதி தன் வரியைத் தானே வசூலிக்கிறது. கேட்டலோனியாவுக்கு அந்த உரிமை இல்லை. மக்கள் ஓட்டுப் போட்டு ஏற்ற 2006 தன்னாட்சிச் சட்டத்தின் சில பகுதிகளை 2010-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் வெட்டியது. பிரச்சினை பெரிதானது அங்கிருந்துதான்.

நீதிமன்றம் தடுத்தும் 2017-ல் வாக்கெடுப்பு நடந்தது. ஓட்டுப் போட்டவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள். ஆனால் வந்ததே 43 சதவீதம் பேர்தான். எதிர்ப்பவர்களில் பெரும்பாலோர் புறக்கணித்துவிட்டார்கள். அதனால் இதை மக்கள் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்வது கஷ்டம். அக்டோபர் 27-ல் தனிநாடு தீர்மானம் நிறைவேறியது, அன்றே மாட்ரிட் நேரடி ஆட்சியைக் கொண்டுவந்தது. தலைவர் பூஜ்டமோன் பெல்ஜியத்துக்குப் போய்விட்டார். 2019-ல் ஒன்பது தலைவர்களுக்கு 9 முதல் 13 வருடம் வரை சிறைத்தண்டனை. 2021-ல் அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள், 2024-ல் பொதுமன்னிப்புச் சட்டமும் வந்தது. திடீர் கருணை இல்லை. பிரதமர் சான்செஸுக்குப் பதவியில் தொடர பூஜ்டமோன் கட்சியின் ஓட்டு தேவைப்பட்டது!

சரி, லண்டன் அவ்வளவு தாராளமா? பிரிட்டனோடு இருந்தால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்கலாம் என்று 2014-ல் ஸ்காட்லாந்திடம் சொன்னார்கள். 2016-ல் 62 சதவீத ஸ்காட்லாந்து வாக்காளர்கள் ஒன்றியத்திலேயே இருக்கலாம் என்றும், பிரெக்ஸிட் நடந்தது. மறுபடி வாக்கெடுப்பு கேட்டபோது லண்டன் மறுத்தது. அதன் அனுமதி இல்லாமல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அதற்குச் சட்டம் போட முடியாது என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

பிரிட்டனுக்குள் வடக்கு அயர்லாந்துக்கு மட்டும் வெளியே போகும் வழி எழுத்திலேயே இருக்கிறது. 1998 புனித வெள்ளி ஒப்பந்தப்படி, அயர்லாந்தோடு சேர பெரும்பான்மை ஆதரவு இருக்கும் என்று தோன்றினால் வாக்கெடுப்பு நடத்தியே ஆகவேண்டும். ஆனால் யாருக்குத் தோன்ற வேண்டும்? லண்டனில் இருக்கும் அமைச்சருக்கு. அதை அவர் எந்த அளவுகோலை வைத்து முடிவு செய்வார் என்று சட்டத்தில் எங்கேயும் எழுதவில்லை.