கெட்டின் நிறம்

உர்சுலா லெ குவின் எழுதிய 'எர்த்சீயின் மந்திரவாதி' நாவல் 1968இல் வெளிவந்தது. பதிப்பாளர் ஒருவர் இளையோருக்கெனக் கேட்டதன்பேரில் எழுதப்பட்டது. நாயகன் 'கெட்' செம்பழுப்பு நிறத்தவன். தோழன் வெட்ச் கருநிறத்தவன். கொள்ளையிட வரும் கார்க் மக்களே வெண்ணிறத்தவர். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஆண்டும் அதுவே. எனினும் நாவல் நிறத்தைப் பறைசாற்றுவதில்லை. போகிற போக்கில் சொல்லிச் செல்கிறது.

முதல் வாசிப்பில் அவ்வரிகளைக் கடந்துபோய், கெட்டை வெள்ளையனாகவே நாம் கற்பனை செய்திருந்தோம். ஆங்கிலக் கதைநூல்களில் பழகிய கண் நம்முடையது. 2004இல் தொலைக்காட்சித் தொடரொன்று வெள்ளை நடிகரை அவ்வேடத்தில் நிறுத்தியபோது லெ குவின் பகிரங்கமாகக் கண்டித்தார். அதைப் படித்த பிறகே நம் பிழை உறைத்தது.

தன்னைத் துரத்தும் நிழலைக் கெட் இறுதியில் தன் பெயராலேயே அழைக்கிறான். நாம் கண்ட அந்த வெள்ளையனும் நம் நிழலே. அவனுக்கு நம் பெயர்தான் பொருந்தும்.